தலையால் கதவடைக்கும் எறும்பு

யுத்தம் முடிந்து மூன்று நான்கு வருடங்கள் ஆகியிருக்கும். பட்டப்படிப்பை முடித்துவிட்டு, அரசாங்க நியமனம் வரும் வரும் என்று வீட்டில் காத்திருந்த எனக்கு, ஆறு மாதத்துக்கு ஓர் எறும்பைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை கிடைத்தது. இந்த வசனத்தை எப்படி மாற்றிச் சொன்னாலும் எங்கள் பக்கத்தில் ஒருவருக்கும் அது தொழிலாகத் தெரியவில்லை.

"எறும்பயா? பாத்து?" என்று வாப்பா கேட்டார்.

"பாத்து எழுதணும்."

"என்னண்டு எழுதுவ?"

"அது என்ன செய்யுதெண்டு."

"எறும்பு என்ன செய்யும்? ஊரும்."

உம்மா என்னைக் காப்பாற்ற நினைத்து, மகளுக்குச் சுற்றாடல் வேலை கிடைத்திருக்கிறது என்று அயலில் சொல்லிவைத்தார். அடுத்த வாரமே பக்கத்து வீட்டு மாமி வேலியால் எட்டிப் பார்த்து, எங்கள் வளவு மூலையில் பிரதேச சபை லொறி குப்பை எடுக்காமல் போவதைப் பற்றி என்னிடம் முறையிட்டார். அன்றிலிருந்து அந்த ஆறு மாதமும் குப்பைக்கும் நான்தான் பொறுப்பு.

எங்கள் வீடு கற்பிட்டிக் குடாநாட்டில், குறிஞ்சிப்பிட்டிக்குப் போகும் பக்கம். தொண்ணூறில் யுத்தத்தில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த குடும்பங்கள் முகாமாக இருந்து, பிறகு கல்வீடுகளாக மாறிய இடம். வீட்டிலிருந்து இருபது நிமிடம் நடந்தால் கடல்நீர் உள்ளே புகுந்து கிடக்கும் களப்பு, அதன் கரையில் உப்புச் சேற்றில் வேரூன்றிய ஒரு துண்டுக் கண்டல் காடு. எனக்குப் படிப்பித்த மெடம் ஒருவர் முன்பொருமுறை அங்கே வந்தபோது, காய்ந்த கண்டல் கிளையொன்றை முறித்துப் பார்த்திருக்கிறார். உள்ளே இந்த எறும்பு. அவரிடமிருந்த புத்தகங்களில் ஒன்றும் அதற்குச் சரியாகப் பொருந்தவில்லை. கொழும்பிலிருந்து ஒவ்வொரு வாரமும் வர அவரால் முடியாது. கரையோரம் வேலையில்லாமல் இருந்த மாணவி நான்.

எறும்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், பிறகு கோபத்துக்கு வருகிறேன். கண்டல் மரத்தில் காய்ந்து நிற்கும் விரல் பருமனான கிளைகளை முதலில் ஒரு வண்டின் புழு துளைத்துக் குடைகிறது. புழு வண்டாகிப் போனபின் அந்தப் பொந்தில் இந்த எறும்பு குடியேறுகிறது. வாசல், பேனைக் குச்சியின் முனை நுழையுமளவு ஓட்டை. அந்த ஓட்டைக்கென்றே சில எறும்புகளின் தலை வட்டமாக, முன்பக்கம் கத்தியால் சீவியதுபோலத் தட்டையாக இருக்கிறது. அப்படியொன்று உள்ளேயிருந்து தலையை வாசலில் கொடுத்து அடைத்துக்கொண்டு நிற்கும். தலையின் நிறமும் பட்டையின் நிறமும் ஒன்று. வெளியே போன எறும்பு திரும்பி வந்து உணர்கொம்பால் அந்தத் தலையைத் தட்டினால், தலை பின்வாங்கும், வந்தது நுழையும், தலை மறுபடி வாசலுக்கு வரும். எங்கள் களப்பில் தண்ணீர் கடலில் போலப் பெரிதாக ஏறி இறங்காது. காற்றையும் நிலவையும் பார்த்து ஒரு சாண் ஏறும், ஒரு சாண் இறங்கும். ஏறும்போது கீழ்க்கிளைகள் மூழ்கும். அப்போதும் அந்தத் தலை அப்படியே மூடி போல நிற்கும். தண்ணீர் உள்ளே போகாமல் எத்தனை நேரம் தாங்குகிறது, எப்போது மூடுகிறது, எப்போது திறக்கிறது என்று எழுதுவதுதான் என் வேலை. இருபது கிளை. செவ்வாயும் வெள்ளியும்.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் நான் போய் உட்கார்ந்ததும் அது மூடிக்கொள்ளும். நுளம்பு கடிக்க, அபாயாவின் கீழ்க்கரை சேற்றில் ஊற, ஒரு மணித்தியாலம் உட்கார்ந்திருப்பேன். திறக்காது. புல் நுனியால் எறும்பு தட்டுவது போலவே மெதுவாகத் தட்டிப் பார்த்தேன். மூன்று வாரம் தட்டினேன். ஒரு தரமும் ஏமாறவில்லை. யாருக்குத் திறக்க வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது, அந்தக் கணக்கில் நான் இல்லை. தூரத்தில் இருந்துகொண்டு மெடத்தின் பழைய தொலைநோக்கியால் பார்க்கப் பழகியபிறகுதான் ஏதோ எழுதக் கிடைத்தது. எறும்பைத் தொலைநோக்கியால் பார்க்கும் பெண்ணைப் பற்றிக் கரையில் என்ன கதைத்திருப்பார்கள் என்பதை நான் விசாரிக்கவில்லை.

கிளைகளை அடையாளம் தெரிவதற்காகச் சிவப்புத் துணி கிழித்து, ஒவ்வொன்றிலும் ஒரு முடிச்சுப் போட்டு, பேனையால் இலக்கமும் எழுதியிருந்தேன். நான்காவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை போனேன். ஒன்பது கிளைகள்தான் நின்றன. மற்றப் பதினொன்றும் அடியோடு, சுத்தமாக, கத்தியால் வெட்டுப்பட்டிருந்தன.

கத்தி யாருடையது என்று யோசிக்கத் தேவையிருக்கவில்லை. அந்தக் கண்டலில் காய்ந்த விறகு எடுப்பவர்கள் நான்கு பெண்கள். அதில் முதலாமவள் என்னோடு படித்தவள். மன்னாரிலிருந்து வந்த தோணியில் அவளும் நானும் மடிக்குழந்தைகளாக ஒன்றாக வந்தோம் என்று இரண்டு வீட்டிலும் சொல்வார்கள். ஓ.எல். பரீட்சை எழுதியபிறகு அவள் கலியாணம் முடித்தாள். மாப்பிள்ளைக்குக் களப்பில் மீன்பிடி. அவள் விடியப்புறம் இடியப்பம் அவித்துச் சந்திக் கடைகளுக்குக் கொடுத்துவந்தாள். போனேன். அடுப்படியில் என் பதினொரு கிளையும் கட்டாகக் கிடந்தன, அரைவாசியில் சிவப்பு முடிச்சு இன்னும் இருந்தது.

"இத ஏன் வெட்டின?"

"விறகுக்கு," என்றாள். வேறு என்ன பதில் இருக்க முடியும்!

"சிவப்புத் துணி கட்டியிருந்ததே, கண்ணுக்குத் தெரியல்லயா?"

"தெரிஞ்சுதான் வெட்டினன். ரோட்டப் பெருப்பிக்கக்குள்ள வெட்டுற மரத்துக்கெல்லாம் சிவப்புத்தானே அடிச்சாங்க. இதுவும் வெட்டச் சொல்லிக் குறிச்சது எண்டு நினைச்சன். மத்தவங்க எடுக்க முந்தி எடுத்தன்."

பாலாவி தொடங்கிக் கற்பிட்டிவரை வீதி அகலித்தபோது மரங்களில் சிவப்பு அடித்தது உண்மை. அது எனக்கு அந்த நேரம் ஏறவில்லை. நான் இது ஆராய்ச்சி, இது பல்கலைக்கழகம், இது உலகத்துக்கே தெரியாத எறும்பு என்று நின்ற நிலையில் ஒரு பிரசங்கம் வைத்தேன். அவள் மாவைப் பிசைந்தபடியே "சரி சரி" என்றாள். அந்தச் சரி எனக்குப் பிடிக்கவில்லை. எந்தக் கிளைகள், எத்தனை நாளைக்கு என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்லி அவளிடம் தயவு கேட்பதைவிட வேறு நிறத்தில் துணி கட்டுவது மேல் என்று பட்டது. படித்தவள் அல்லவா.

சில நாள் கழித்து மெடம் தொலைபேசியில், "ஒன்பதாம் இலக்கக் கிளையின் குறிப்பு வரவில்லையே?" என்று கேட்டார்.

"ஒன்பதாம் இலக்கத்தில் இடியப்பம் அவித்தாயிற்று" என்றேன். அவர் சிரிக்கவில்லை. புதிய கிளைகளைத் தெரிவுசெய்து இருபதை நிரப்பும்படி சொன்னார்.

இந்தமுறை பச்சை. தையல்கார ராத்தாவிடம் வெட்டுத்துண்டு வாங்கினேன், அவரிடம் அன்று கிடந்தது அந்த நிறம்தான். இரண்டு வாரம் ஒரு கிளையிலும் கத்தி படவில்லை. நான் மெத்தப் பெருமைப்பட்டேன். மூன்றாவது வாரம் எண்ணிப் பார்த்தால் இருபது முடிச்சுக்கு இருபத்தாறு இருந்தது. அடுத்த செவ்வாய் நாற்பதுக்குக் கிட்ட. நான் கட்டாத முடிச்சுகள், நான் வாங்காத துணி, ஒரு மரத்தடியில் எரிந்து முடிந்த ஊதுபத்திக் குச்சிகள். ஐந்தாம் இலக்கக் கிளையின் வாசலுக்கு நேர் கீழே யாரோ சாம்பிராணி போட்டிருந்தார்கள். எறும்பு தலையைக் கொடுத்து அடைத்தது அடைத்தபடி. அந்த வாரம் முழுக்க ஐந்தாம் இலக்கத்துக்கு எழுத ஒன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்த வாப்பா செருப்பைக் கழற்றாமலே சொன்னார். "பள்ளிவாசல் டிரஸ்டி ஹாஜியார் அஸர் தொழுகைக்குப் பிறகு வீட்ட வாறாராம். உன்னோட கதைக்கணுமாம்."

ஹாஜியார் புத்தளத்தின் பழைய குடும்பத்து மனிதர், மெதுவாகப் பேசுபவர். கதிரையில் உட்கார்ந்து பிளேன்டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"மகள், கண்டலுக்குள்ள அவுலியா ஒருத்தர் அடங்கி ஈக்கிறதா ஆக்கள் செல்றாங்க. பச்சை கட்டினது நீங்க எண்டும் செல்றாங்க. எங்களுக்கு ஏற்கெனவே பள்ளியில ஸியாரம் வேணும் வேணாமெண்டு ரெண்டு பக்கம் ஈக்குது. நீங்க மூண்டாவது ஒண்டத் தொடங்கிறாதீங்க."

இறைநேசர்கள் அடக்கமான ஸியாரங்களுக்குப் போர்த்துவது பச்சை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஹாஜியார், அங்க யாரும் அடங்கல்ல. அது எறும்பு."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "எறும்ப அடக்கினீங்களா?"

வாப்பா கையால் முகத்தை மூடிக்கொண்டார். நான் முதலிலிருந்து தொடங்கி வண்டு, புழு, பொந்து, தலை எல்லாம் விளக்கினேன். ஹாஜியார் பொறுமையாகக் கேட்டார். எல்லாம் முடிந்தபிறகு, "அல்ஹம்துலில்லாஹ், விளங்குது. பச்சைய மட்டும் கழட்டுங்க" என்றார். போகும்போது வேலிப் படலையடியில் நின்று வாப்பாவிடம் ஏதோ கேட்டார். பிள்ளைக்கு வரன் பார்க்கிறீர்களா என்று கேட்டதாக உம்மா பிறகு சொன்னார். ஆராய்ச்சிக்கு அதுதான் மருந்து என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

பச்சை நாற்பதையும் திங்கட்கிழமை நானே அவிழ்த்தேன். மற்றவர்கள் கட்டியதை அவிழ்க்கும்போது கை கூசியது. யாருடைய பிள்ளைக்குக் காய்ச்சலோ, யாருக்குப் பிள்ளையே இல்லையோ! ஆனால் எரிச்சல் கூச்சத்தைவிடப் பெரிதாக இருந்தது. சிவப்பென்றால் வெட்டுகிறார்கள், பச்சையென்றால் வேண்டுகிறார்கள். ஒன்றும் சொல்லாத நிறம் எது? வீட்டில் பழைய படுக்கை விரிப்பொன்று இருந்தது. வெள்ளை. மாலை ஆறு மணிக்குள் இருபது கிளையிலும் கட்டி முடித்து, இனி ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்று நிம்மதியாக வந்து படுத்தேன்.

இந்த நாட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். வெள்ளைத் துணி வீதியோரம் எதற்குத் தொங்கும் என்று எனக்குத் தெரியாதா? ஆயிரம் மரண வீட்டுக்கு அந்த வெள்ளையைப் பார்த்துத்தான் வழி கண்டுபிடித்திருக்கிறேன். ஆனால் அன்று என் மூளையில் எறும்பைத் தவிர வேறொன்றுக்கும் வாசல் திறந்திருக்கவில்லை.

மறுநாள் காலை ஏழரைக்குப் போய் முதலாம் கிளைக்கு முன்னால் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் வீதிப் பக்கமாக ஆள் சத்தம். திரும்பினால், கண்டல் வேர்முனைகள் நிறைந்த சேற்றில் செருப்பில்லாமல் அவள் ஓடி வருகிறாள். இரண்டு கையிலும் முழங்கைவரை மா. தலைச்சீலை தோளில் விழுந்து கிடக்கிறது. அவளுக்குப் பின்னால் கரையில் இன்னும் ஏழெட்டுப் பெண்கள்.

"யாரு? யார் எண்டு சொல்லு!"

"என்ன யாரு?"

"வெள்ள கட்டியிருக்கே! களப்பால யார எடுத்தாங்க? அவர் சுபஹுக்கு முந்தி, இருட்டோட மீனுக்குப் போனவர், போன் ஓஃப்ல இருக்கு. நீ இஞ்ச இருக்கிற. யார எடுத்தாங்க, சொல்லன்!"

எனக்கு விளங்க இரண்டு மூச்சு எடுத்தது.

"ஒருத்தரையும் இல்ல. அது... என்ட எறும்புக்குக் கட்டினது."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லது. அவள் அப்படியே சேற்றில் உட்கார்ந்து, மாக்கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் பக்கத்தில் நின்றேன். கரையிலிருந்த பெண்களுக்கு "ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை" என்று கை காட்டினேன். நான் கை காட்டியதை அவர்கள் வேறுவிதமாக எடுத்து அங்கேயே ஒருத்தி குழறி அழத் தொடங்கினாள். பிறகு ஓடிப்போய் ஒவ்வொருத்தியாகச் சொல்ல வேண்டியிருந்தது.

அவளுடைய மாப்பிள்ளை பத்து மணிக்கு வந்தார். இயந்திரம் நின்றுபோய், நடுக் களப்பிலிருந்து சவள் துடுப்புப் போட்டே வந்திருக்கிறார். போனில் சார்ஜ் இல்லை. கரையில் நின்ற கூட்டத்தையும் வெள்ளைத் துணிகளையும் பார்த்துவிட்டு, வள்ளத்தால் இறங்கியதும் அவர் கேட்டது, "இன்னா லில்லாஹி, யார் மௌத்து?"

அவள் மாக்கையோடே வீட்டுக்குப் போனாள். அன்று கடைகளுக்கு இடியப்பம் போகவில்லை.

துணி முழுவதையும் கழற்றிவிட்டுப் பின்னேரம் அவள் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், ஆனால் படலையில் நுழைந்ததும் என் வாயில் வந்தது, "நான் என்ன நிறம்தான் கட்டுறது, நீயே சொல்லு" என்பது. அவளைப் பார்த்ததும் எனக்கும் அழுகை வந்தது, கோபமும் வந்தது.

"நிறமா?" என்றாள். "இவ்வளவு நாளும் ஒரு தரம் என்னட்ட வந்து, இஞ்ச பாரு புள்ள, இந்தக் கம்பெல்லாம் எனக்கு வேணும், வெட்டாத எண்டு சொன்னியா? அண்டைக்கு வந்து ஏசினாய். பல்கலைக்கழகம் எண்டாய். எது உன்ட கம்பு எண்டு காட்டினியா?"

"காட்டினா வெட்டாம விடுவியா?"

"காட்டிப் பாத்தியா?"

மூன்று நிறத் துணி, பள்ளிவாசல், கரை முழுக்க ஒப்பாரி. இதற்குப் பதிலாக இருபது நிமிடம் அவளோடு நடந்திருந்தால் போதும்.

அடுத்த நாள் நடந்தோம். இருபது கிளையையும் ஒவ்வொன்றாகக் காட்டினேன். வளைவிலுள்ளது, நண்டுப் பொந்துக்கு மேலே, இரட்டைக் கவர், சாய்ந்த மரம் என்று அவள் தனக்குள் பெயர் வைத்துக்கொண்டே வந்தாள். மற்ற மூன்று பெண்களுக்கும் அவளே சொன்னாள். அதற்குப் பிறகு ஒரு கிளையும் போகவில்லை. ஒரு முடிச்சும் தேவைப்படவில்லை. என் குறிப்புப் புத்தகத்திலும் இலக்கத்துக்குப் பக்கத்தில் நண்டுப் பொந்து, இரட்டைக் கவர் என்றே எழுதத் தொடங்கினேன். மெடம் அதை இரண்டு தரம் திருத்தினார்.

ஆறு மாதம் முடியப்போகும்போது மெடம் அழைத்தார். குறிப்புகள் நன்றாக இருக்கின்றன, ஆனால் எறும்பின் இனத்தை முடிவுசெய்ய அரசி எறும்பு வேண்டும். அனுப்பிய மாதிரிகள் எல்லாம் வேலைக்கார எறும்புகள். ஒரு குடும்பம் பல கிளைகளில் பரந்து இருக்கும், அரசி எங்காவது ஒன்றில்தான் இருக்கும்.

"எந்தக் கிளையில் என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"வெட்டிப் பிளந்துதான் பார்க்க வேண்டும்."

"எத்தனையை?"

"கிடைக்கும்வரை."

இதைப் போய் அவளிடம் நான்தான் சொல்ல வேண்டும். சொன்னேன். இடியப்ப உரலை அமத்திக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு, என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"வெட்டவா போறாய்?"

"ஓம்."

"இருபதையும்?"

"அரசி கிடைக்கும் மட்டும்."

"இதுக்கா புள்ள என்ன அந்தக் காலையில சேத்துக்குள்ள ஓட வச்சாய்?"

அவள் கையைக் கழுவிவிட்டுக் கத்தியை எடுத்தாள். என்னை நம்பிக் கத்தியைக் கொடுக்கவில்லை, தானே வந்தாள். நான் வெள்ளைத் தட்டு பிடித்துக்கொண்டிருக்க, அவள் கிளையை நீளவாக்கில் இரண்டாகக் கீறி விரித்தாள். முட்டைகளைத் தூக்கிக்கொண்டு எறும்புகள் தட்டெல்லாம் சிதறி ஓடின. ஆறு மாதமாக எனக்குத் திறக்காத வீடுகள் அவள் கையில் வெண்டிக்காய் மாதிரிப் பிளந்தன. தட்டில் விழுந்தவற்றை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். வேலை அது. பதினான்காவது கிளையில், நண்டுப் பொந்துக்கு மேலேயிருந்த அதில், மற்றவற்றைவிட இரண்டு மடங்கு பெரிதாக, மெதுவாக நகர்ந்துகொண்டு அரசி இருந்தது. மிச்சம் ஆறு கிளையையும் வெட்ட வேண்டாம் என்று நான் சொல்லுமுன்பே அவள் கத்தியைச் சேலையில் துடைத்துவிட்டாள்.

அரசியை ஸ்பிரிட் போத்தலில் இட்டுத் தபாலில் அனுப்பலாம் என்றால், தபால் கந்தோரில் திரவம் ஏற்கமாட்டோம் என்றார்கள். உள்ளே என்ன என்று கேட்டார்கள். எறும்பு என்றேன். எறும்பை ஏன் அனுப்புகிறீர்கள், கொழும்பில் இல்லையா என்று கேட்டார்கள். விளக்குவதை நான் அதற்கு முன்பே விட்டிருந்தேன். போத்தலைக் கைப்பைக்குள் வைத்து, மடியில் அணைத்துக்கொண்டு, பாலாவியில் பஸ் மாறி, நானே கொழும்புக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மெடம் நுணுக்குக்காட்டியில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "நல்ல மாதிரி" என்றார். அவ்வளவுதான்.

ஒரு மாதம் கழித்து அழைத்தார். அதற்குள் எனக்கு நியமனம் வந்து, உடப்புப் பக்கம் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கத் தொடங்கியிருந்தேன். இது இந்தக் கரையில் முன்பு ஒருவரும் எடுக்காத எறும்பு, அது மட்டும் நிச்சயம் என்றார். புதிய இனமா என்று சொல்ல ஆண் எறும்பும் வேண்டும். இறக்கையுள்ள ஆண் வருடத்தில் சில நாட்கள்தான் இருக்கும், எந்த நாட்கள் என்று தெரியாது. அதுவரைக்கும் பெட்டியில் 'இனம் மூன்று' என்று எழுதி வைத்திருப்பதாகச் சொன்னார்.

பெருநாளைக்கு ஊருக்குப் போனபோது அவளிடம் சொன்னேன்.

"அப்ப இவ்வளவு செஞ்சும் பேர் வைக்கல்லயா?"

"இல்ல. ஆம்புளை எறும்பு வேணுமாம்."

அவள் வட்டிலப்பத்தை வெட்டி எனக்கு ஒரு துண்டு வைத்தாள். "எப்ப வரும் எண்டு தெரியாத ஆம்புளைக்குக் காத்துக்கொண்டு இருக்கிறதெண்டா, அத எங்களிட்ட விடு. நாங்க பாத்துச் சொல்றம்" என்றாள்.

பகிடிக்குச் சொன்னாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் மழை தொடங்கிய பிறகு மூன்று தரம் எனக்கு அழைத்து, கண்டலுக்குள் இறக்கை உள்ள எறும்பு கண்டதாகச் சொன்னாள். மூன்று தரமும் விடுப்பெடுத்துக்கொண்டு ஓடினேன். மூன்று தரமும் அது கறையான்.